மூடுபனியும் காமா கதிரும்: தண்ணீருக்குள் ஃபோட்டானைப் பின்தொடரும் நிரலை நாமே எழுதுவது எப்படி

ஜூலை மாதத்தில், பொழுது சாயும் நேரத்தில், குன்னூரிலிருந்து ஊட்டிக்கு பைக்கில் வந்தவர்களுக்குத் தெரியும். கேத்தி தாண்டி லவ்டேல் பக்கம் மூடுபனி இறங்கிவிட்டால், எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு முதலில் விளக்காகவே தெரியாது. மங்கலான ஒரு வெளிச்சம் பரவி நிற்கும், அவ்வளவுதான். பஸ் கிட்டே வந்த பிறகுதான் இரண்டு விளக்கும் தனித்தனிப் புள்ளிகளாகத் தெளியும். அந்தப் புள்ளிகள் எந்தப் பனித்துளியிலும் படாமல் நேராகக் கண்ணுக்கு வந்த ஒளி. சுற்றியிருக்கும் மங்கல் வெளிச்சம், துளிகளில் பட்டுப் பட்டுத் திசை மாறி வந்த ஒளி. நேராக வரும் ஒளியைக் கணக்கிட பிளஸ் டூ கணக்கே போதும். அந்த மங்கல் வெளிச்சத்தைக் கணக்கிடத்தான் கணினி வேண்டியிருக்கிறது.

தண்ணீருக்குள் போகும் காமா கதிருக்கும் இதே கதைதான். அந்தக் கதிரின் ஒவ்வொரு ஒளித்துகளையும் ஃபோட்டான் என்பார்கள்.

மலையில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன் நான். ஆண்டுதோறும் புராஜெக்ட் காலம் வந்தால் யாராவது ஒருவர் வந்து, "சார், ஜியான்ட்4 மட்டும் இன்ஸ்டால் பண்ணிக் கொடுங்க, மீதியை நான் பாத்துக்கறேன்" என்பார். ஜியான்ட்4 என்பது பொருளுக்குள் துகள்கள் போகும் பாதையைக் கணினியில் நடத்திக் காட்டும் பெரிய மென்பொருள். நான் உடனே செய்து தருவதில்லை. முதலில் பைத்தானில் நூற்றைம்பது வரியில் சொந்தமாக ஒன்று எழுதிக் கொண்டுவரச் சொல்வேன். பெரிய மென்பொருள் எந்தக் கேள்விக்கும் ஒரு விடை தந்துவிடும். அந்த விடை சரியா என்று சொல்ல, கையால் போட்டுப் பார்த்த ஓர் எண்ணாவது நம்மிடம் இருக்க வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு படியிலும், அடுத்ததற்குப் போகும் முன் கைக்கணக்கோடு ஒப்பிட ஓர் எண் தருகிறேன். அது ஒத்துவராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

தண்ணீரை ஏன் எடுத்துக்கொள்கிறோம்? நம் உடலில் பெரும்பகுதி தண்ணீர்தான். புற்றுநோய் சிகிச்சை இயந்திரங்கள் தரும் கதிர்வீச்சின் அளவையும் தண்ணீர்த் தொட்டிக்குள் கருவியை இறக்கித்தான் அளக்கிறார்கள். சர்வதேச அணுசக்தி முகமையின் டி.ஆர்.எஸ். 398 விதிமுறை சொல்வதும் அதைத்தான்.

முதல் படி: கேள்வியைச் சுருக்குங்கள்

ஒரே வாக்கியம் போதும். 30 செ.மீ. ஆழமுள்ள, பக்கவாட்டில் முடிவில்லாத ஒரு தண்ணீர்ப் பரப்பின் மேல் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான்கள் செங்குத்தாக விழுகின்றன. ஒவ்வொரு சென்டிமீட்டர் ஆழத்திலும் எவ்வளவு ஆற்றல் தங்குகிறது? (கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை இனி கே.இ.வி. என்கிறேன். வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்.)

662 என்பது சீசியம்-137 மூலத்தின் காமா. அதைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு சோம்பேறித்தனமான காரணமும் உண்டு. 1022 கே.இ.வி.க்கு மேல் இருந்தால் ஃபோட்டான் எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடியாக மாறும் இணை உருவாக்கத்தையும் சேர்த்து எழுத வேண்டும். 662இல் அந்தத் தலைவலி இல்லை. கோபால்ட்-60 என்றால் 1173, 1332 என்று இரண்டு காமாக்கள், இரண்டுமே அந்த வரம்பைத் தாண்டியவை. அது அப்புறம்.

இரண்டாம் படி: என்னவெல்லாம் நடக்கலாம்?

மீதியிருப்பவை மூன்று. ஒளிமின் விளைவில் ஃபோட்டான் மொத்தமாக விழுங்கப்படும், கதை முடிந்தது. காம்ப்டன் சிதறலில் எலக்ட்ரானுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு, இளைத்துப்போய் வேறு திசையில் போகும். ராலே சிதறலில் ஆற்றல் குறையாமல் திசை மட்டும் சற்று மாறும்.

தண்ணீரில் எது எப்போது ஆட்சி செய்கிறது என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 10 கே.இ.வி.யில் நடக்கும் மோதல்களில் ஏறக்குறைய 93 விழுக்காடு ஒளிமின் விளைவு. 20இல் அது 67 விழுக்காடு, 30இல் 39, 50இல் 12, 100இல் 2 விழுக்காட்டுக்கும் கீழே. அதற்கு மேலே முழுக்க முழுக்க காம்ப்டன்தான். ஆக, நம் 662 ஃபோட்டானின் வாழ்க்கை வரலாறு எளிது. பல முறை சிதறி, ஆற்றல் கரைந்து, சில பத்து கே.இ.வி.க்கு வந்ததும் ஏதோ ஓர் ஆக்சிஜன் அணு அதை விழுங்கிவிடும். இல்லையென்றால் அதற்குள் தண்ணீரைவிட்டு வெளியே ஓடியிருக்கும்.

முதல் பதிப்பில் ராலேயைத் தனியாக எழுதாமல் காம்ப்டன் கணக்கிலேயே சேர்த்துவிடலாம். 662இல் தொடங்கும் கதைக்கு இதனால் வரும் பிழை மிகச் சிறியது.

மூன்றாம் படி: குறைப்பு எண் அட்டவணை

ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குச் சராசரியாக எத்தனை மோதல் என்பதைச் சொல்வது மியூ என்னும் குறைப்பு எண். அதை அடர்த்தியால் வகுத்த எண்தான் அட்டவணைகளில் இருக்கும். அமெரிக்கத் தர அளவை நிறுவனமான நிஸ்ட், எக்ஸ்காம் என்ற பெயரில் இதை இலவசமாகத் தருகிறது. தண்ணீருக்கு, கிராமுக்குச் சதுர சென்டிமீட்டர் அலகில்:

10 கே.இ.வி. – 5.33
20 – 0.810
30 – 0.376
50 – 0.227
100 – 0.171
200 – 0.137
300 – 0.119
500 – 0.0969
600 – 0.0896
800 – 0.0787

இடைப்பட்ட ஆற்றல்களுக்கு இடைச்செருகல் செய்ய வேண்டும். ஆற்றல், மியூ இரண்டையும் மடக்கை எடுத்துவிட்டுச் செய்யுங்கள். நேராகச் செய்தால் 10க்கும் 20க்கும் நடுவில் படுமோசமாகப் பிசகும்.

ஒப்பிடும் எண்: 662க்கு 0.0857 வர வேண்டும். இதை அட்டவணை இல்லாமலேயே இன்னொரு வழியிலும் பெறலாம். ஒரு கிராம் தண்ணீரில் 3.343 × 10²³ எலக்ட்ரான்கள். 662 கே.இ.வி.யில் ஓர் எலக்ட்ரானின் காம்ப்டன் குறுக்கு வெட்டு (மோதலுக்கு அது காட்டும் இலக்கின் பரப்பு) 0.256 பார்ன், அதாவது 0.256 × 10⁻²⁴ சதுர செ.மீ. பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய அதே எண்தான். இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்வதை முதல் முறை பார்க்கும் மாணவர் முகத்தைப் பார்ப்பதே தனி சுகம்.

அடர்த்தியால் ஏன் வகுக்கிறார்கள் என்று கேட்பார்கள். கதிருக்கு முக்கியம் வழியில் எவ்வளவு பொருள் குறுக்கே நிற்கிறது என்பதுதான், அது எவ்வளவு இடத்தில் பரவியிருக்கிறது என்பதல்ல. ஊட்டியில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் 2200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் மேலே உள்ள காற்று மொத்தமும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 800 கிராம். அதாவது, ஊட்டிக்காரர் தலையில் 8 மீட்டர் தண்ணீர் நிற்கிற மாதிரி. மெரினாவில் நிற்பவருக்கு 10 மீட்டருக்கும் மேல். அந்த 2 மீட்டர் வித்தியாசத்துக்காகத்தான் இந்தக் குளிரில் வந்து ஆய்வகம் போட்டிருக்கிறார்கள்.

நம் தண்ணீருக்கு அடர்த்தி 1 என்றே வைத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: எவ்வளவு தூரம் போய் மோதும்?

சமவாய்ப்பு எண்களை வைத்துப் பல முறை ஆடவிட்டு எண்ணும் மான்டி கார்லோ முறையின் உயிர்நாடி இதுதான். ஸ்டானிஸ்லா உலாம் 1946இல் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது தனியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார். ஆட்டம் வெற்றியாக முடிய எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்தார், முடியவில்லை. பேசாமல் நூறு முறை ஆடி எண்ணிவிட்டால் என்ன என்று தோன்றியது. அதை நியூட்ரான்களுக்குப் பயன்படுத்தும் வழியை அவரும் ஜான் வான் நாய்மனும் லாஸ் அலமோஸில் உருவாக்கினார்கள். நாமும் ஃபோட்டானை ஆடவிட்டு எண்ணப்போகிறோம்.

0க்கும் 1க்கும் இடையே ஒரு சமவாய்ப்பு எண்ணை எடுங்கள்.

தூரம் = − இயற்கை மடக்கை (1 − சமவாய்ப்பு எண்) ÷ மியூ

1இலிருந்து ஏன் கழிக்கிறோம்? பைத்தானின் கணக்குத் தொகுப்பான நம்பை தரும் எண் சில சமயம் சரியாக 0 ஆக இருக்கலாம், 1 ஆகவே ஆகாது. 0க்கு மடக்கை எடுத்தால் நிரல் படுத்துவிடும். லட்சத்தில் ஒருமுறைகூட வராது, ஆனால் இரவெல்லாம் ஓடவிட்டால் என்றைக்காவது வரும்.

இப்போது ஒரு லட்சம் ஃபோட்டான்களுக்கு இந்தத் தூரத்தை மட்டும் எடுத்து, எத்தனை மோதாமல் தாண்டுகின்றன என்று எண்ணுங்கள். ஒப்பிடும் எண்கள்: 10 செ.மீ. தாண்டுபவை சுமார் 42,440. 20 செ.மீ. தாண்டுபவை சுமார் 18,010. முழு 30 செ.மீ.யும் மோதாமல் கடப்பவை சுமார் 7,650. எண்கள் அப்படியே வராது. 20 செ.மீ. எண்ணில் 120 கூடக் குறைய இருப்பது இயல்பு, 400 விலகினால் எங்கோ தப்பு. எல்லாத் தூரங்களின் சராசரி 11.7 செ.மீ. வர வேண்டும். அதுதான் சராசரி மோதலிடைத் தூரம்.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலில் இதைச் செய்தது எக்செல்லில். 20 செ.மீ.க்கு 18,000க்குப் பதில் 1,900 சொச்சம் வந்தது. இரண்டு நாள் அட்டவணையைச் சந்தேகப்பட்டேன், அலகுகளைச் சந்தேகப்பட்டேன், புத்தகத்தையே சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், எக்செல்லில் லாக் என்று போட்டால் அது 10 அடிமான மடக்கை. இயற்கை மடக்கைக்கு அங்கே எல்.என். என்று போட வேண்டும். பைத்தானில் நேர் எதிர், லாக் என்றாலே இயற்கை மடக்கை. அடிமானம் மாறினால் எல்லாத் தூரமும் 2.303 மடங்கு சுருங்கிவிடும். வரைபடம் மட்டும் அழகாக, அதே வடிவத்தில் இறங்கும். அதனால்தான் வரைபடத்தின் வடிவத்தைப் பார்த்துச் "சரியாத்தான் இருக்கு" என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது.

ஐந்தாம் படி: எந்தக் கோணத்தில் சிதறும்?

சிதறிய பிறகு மிஞ்சும் ஆற்றலின் பங்கு, கோணத்தைப் பொறுத்தது:

விகிதம் = 1 ÷ (1 + (ஆற்றல் ÷ 511) × (1 − கோசைன்))

(ஆற்றல் கே.இ.வி.யில். 511 என்பது எலக்ட்ரானின் நிறைக்குச் சமமான ஆற்றல்.)

எந்தக் கோணத்துக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை ஆஸ்கர் கிளைனும் யோஷியோ நிஷினாவும் 1929இல் வெளியிட்ட சூத்திரம் தருகிறது. அதிலிருந்து கோணம் எடுக்கச் சாமர்த்தியமான வழிகள் பல உண்டு. தொடங்குபவருக்கு வடிகட்டும் முறையே போதும்:

−1க்கும் 1க்கும் இடையே ஒரு கோசைனைச் சமவாய்ப்பாக எடுங்கள். அதற்கு விகிதம் கண்டுபிடியுங்கள். பிறகு

மதிப்பு = விகிதம்² × (விகிதம் + 1 ÷ விகிதம் − 1 + கோசைன்²)

இந்த மதிப்பு எப்போதும் 2ஐத் தாண்டாது. 0க்கும் 2க்கும் இடையே இன்னொரு சமவாய்ப்பு எண் எடுங்கள். அது மதிப்பைவிடச் சிறியதாக இருந்தால் அந்தக் கோசைனை ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுங்கள். 662இல் நான்கில் ஒன்றுதான் தேறும். வீண்தான், ஆனால் தப்பு செய்ய இடமில்லாத வழி.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, கோசைனுக்குப் பதில் கோணத்தையே 0 முதல் 180 வரை சமவாய்ப்பாக எடுப்பது. கோளத்தின் நடுப்பட்டையில் பரப்பு அதிகம், துருவத்தில் குறைவு. கோணத்தைச் சமமாக எடுத்தால் துருவங்களில் கூட்டம் சேர்ந்துவிடும்.

ஒப்பிடும் எண்கள்: 662 கே.இ.வி.யில் ஒரு லட்சம் முறை ஒரே ஒரு சிதறலை மட்டும் நடத்துங்கள். எந்த ஃபோட்டானும் 184 கே.இ.வி.க்குக் கீழே போகக் கூடாது (நேர்பின்னே திரும்புபவை 184). செங்கோணத்தில் சிதறுபவை 288. எலக்ட்ரானுக்குப் போகும் ஆற்றலின் உச்சம் 478, சராசரி சுமார் 250, அதாவது 38 விழுக்காடு. எல்லாம் பொருந்தினால் இயற்பியலில் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

ஆறாம் படி: திசையைத் திருப்புதல்

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான், இதில் இயற்பியலே இல்லை. சிதறும் கோணம் என்பது ஃபோட்டான் வந்துகொண்டிருந்த திசையிலிருந்து அளக்கப்படுவது, தொட்டியின் ஆழத் திசையிலிருந்து அல்ல. திசையை மூன்று உறுப்புகள் கொண்ட அலகு வெக்டராக வைத்துக்கொள்ளுங்கள். அதையும் ஏதாவது ஓர் அச்சையும் குறுக்குப் பெருக்கல் செய்து, நீளம் 1 ஆக்கினால் முதல் செங்குத்து. பழைய திசையையும் இந்த முதல் செங்குத்தையும் மறுபடி குறுக்குப் பெருக்கினால் இரண்டாம் செங்குத்து. பிறகு 0 முதல் 360 பாகை வரை ஃபை என்ற ஒரு சுழற்கோணம் எடுத்து (ரேடியனில் கொடுங்கள்; தீட்டா என்பது சிதறும் கோணம்),

புதிய திசை = பழைய திசை × கோசைன் தீட்டா + சைன் தீட்டா × (முதல் செங்குத்து × கோசைன் ஃபை + இரண்டாம் செங்குத்து × சைன் ஃபை)

ஒரு பொறி இருக்கிறது. துணைக்கு எடுக்கும் அச்சு ஆழ அச்சாக இருந்தால், நம் ஃபோட்டான்கள் எல்லாமே அதே திசையில்தான் கிளம்புகின்றன. குறுக்குப் பெருக்கல் பூஜ்யம், பூஜ்யத்தால் வகுத்தல், முதல் மோதலிலேயே நிரல் நின்றுவிடும். திசை ஆழ அச்சோடு ஒட்டியிருந்தால் பக்கவாட்டு அச்சை எடு என்று ஒரு நிபந்தனை போடுங்கள்.

ஒப்பிட: புதிய திசையின் நீளம் 1. பழையதோடு புள்ளிப் பெருக்கல், நீங்கள் எடுத்த கோசைனுக்குச் சமம்.

ஏழாம் படி: சேர்த்துக் கட்டுதல்

இப்போது சுற்று முழுமை. தூரம் எடு, நகர்த்து. தண்ணீருக்கு வெளியே போய்விட்டதா? மேல்பக்கமா கீழ்ப்பக்கமா என்று குறித்துக்கொண்டு, மிஞ்சிய ஆற்றலை அந்தக் கணக்கில் எழுதி முடித்துவிடு. உள்ளேயே இருந்தால், இரண்டாம் படியில் சொன்ன விழுக்காட்டின்படி ஒளிமின் விளைவா காம்ப்டனா என்று ஒரு சமவாய்ப்பு எண்ணால் முடிவு செய். ஒளிமின் என்றால் ஆற்றல் முழுவதும் அந்த ஆழப் பெட்டிக்கு (ஒவ்வொரு சென்டிமீட்டர் ஆழத்துக்கும் வைக்கும் கணக்குதான் பெட்டி). காம்ப்டன் என்றால் எலக்ட்ரானின் பங்கு பெட்டிக்கு, மீதி ஆற்றலோடும் புதிய மியூவோடும் சுற்று தொடரும். 10 கே.இ.வி.க்குக் கீழே வந்துவிட்டால் மிச்சத்தையும் அங்கேயே போட்டுவிடலாம். அங்கே சராசரி மோதலிடைத் தூரம் 2 மி.மீ.கூட இல்லை.

எலக்ட்ரானைப் பின்தொடராமல் அதன் ஆற்றலை அதே இடத்தில் போடுவது நியாயமா? 250 கே.இ.வி. எலக்ட்ரான் தண்ணீரில் ஒரு மில்லிமீட்டர்கூட ஓடாது. நம் பெட்டியோ 1 செ.மீ. எனவே இங்கே நியாயம்தான். மருத்துவமனையின் 6 மெகாவோல்ட் இயந்திரத்துக்கு இது செல்லாது. அங்கே கிளம்பும் எலக்ட்ரான்கள் வேகமானவை, அதனால் தங்கும் ஆற்றலின் அளவு மேற்பரப்பில் குறைந்து, சுமார் 1.5 செ.மீ. ஆழத்தில்தான் உச்சத்தைத் தொடும். நம் நிரல் அந்த உச்சத்தைக் காட்டவே காட்டாது.

ஒப்பிட: உள்ளே தங்கியது + மேலே தப்பியது + கீழே தப்பியது = 662 × ஃபோட்டான் எண்ணிக்கை. இதில் தோராயம் கிடையாது, கடைசி இலக்கங்கள் வரை பொருந்த வேண்டும். பால் கணக்கு மாதிரி.

ஒரு லட்சம் ஃபோட்டான் ஓடி முடிவதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்கே கொதித்துவிடும், ஆனால் டீ இறங்க நேரமாகும்.

எட்டாம் படி: மூட்டத்தைப் பாருங்கள்

வரைபடத்தில் இரண்டு கோடுகள் போடுங்கள். ஒன்று, முதல் மோதலில் மட்டும் தங்கிய ஆற்றல். இன்னொன்று, எல்லா மோதல்களிலும் தங்கியது. முதல் கோடு அடுக்குக்குறி விதிப்படி, 8.1 செ.மீ.க்கு ஒருமுறை பாதியாகும். இரண்டாவது அப்படி இறங்காது. ஒரு மோதலிடைத் தூரத்துக்கு, அதாவது 12 செ.மீ. சுமாருக்கு வரும்போதே முதல் கோட்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நிற்கும், ஆழம் போகப் போக அந்த மடங்கு ஏறும். லவ்டேல் சாலையில் விளக்கைச் சுற்றிப் பார்த்த அதே மங்கல் வெளிச்சம்தான் இது. இதைக் குவிவுக் காரணி என்பார்கள். கதிர்வீச்சுத் தடுப்புச் சுவரின் தடிமனை வெறும் அடுக்குக்குறி விதியால் கணக்கிட்டால் ஆபத்து என்பதற்குக் காரணமே இதுதான்.

மேல்பக்கம் தப்பி வந்தவற்றின் ஆற்றலை ஹிஸ்டோகிராமாகப் போட்டுப் பாருங்கள். ஒரே சிதறலில் திரும்பி வந்தவை எல்லாம் 184க்கும் 288க்கும் இடையே மட்டுமே இருக்க வேண்டும். அதற்கும் மேலே ஏதாவது தெரிந்தால், அது இரண்டு மூன்று சிறு திருப்பங்களில் வளைந்து வந்ததா என்று மோதல் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரே மோதல் என்று காட்டினால் ஆறாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

பிழையைப் பற்றிச் சுருக்கமாக: ஃபோட்டான் எண்ணிக்கையை நான்கு மடங்காக்கினால் பிழை பாதியாகும். 30ஆவது பெட்டியில் எண்ணிக்கை குறைவு, அதனால் அங்கே கோடு நடுங்கும். அதை மழமழவென்று வரைந்து மறைக்காதீர்கள்.

ஒன்பதாம் படி: இப்போது ஜியான்ட்4

ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில் பிறந்த இந்த மென்பொருளின் முதல் பதிப்பு 1998 டிசம்பரில் வெளியானது, இலவசம். கோப்புகள் பெரியவை, மழை நாளில் மலையில் நெட் எப்படி இருக்கும் என்பது தெரிந்ததே, இரவில் இறக்கிக்கொள்ளுங்கள். அதோடு வரும் எடுத்துக்காட்டுகளில் முதலாவதான பி1ஐத் திறந்தால் ஒரு தண்ணீர்ப் பெட்டி தயாராக இருக்கும். அதற்குள் 6 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமா போய்க்கொண்டிருக்கும். உள்ளே வைத்திருக்கும் எலும்பு, திசு வடிவங்களை நீக்குங்கள், ஆற்றலை 662 கே.இ.வி. ஆக்குங்கள், பெட்டியைப் பக்கவாட்டில் பல மீட்டர் அகலமாக்குங்கள், ஆழத்தை 30 செ.மீ. ஆக்குங்கள். இயற்பியல் தொகுப்புகளில் ஆப்ஷன் 4 என்று முடிவதை எடுத்துக்கொள்ளுங்கள், மெதுவாக ஓடும், ஆனால் குறைந்த ஆற்றலில் கவனமாக இருக்கும். எலக்ட்ரான்களுக்கான வெட்டு தூரம் (இதைவிடக் குறைவாக ஓடும் எலக்ட்ரான்களைத் தனியாகப் பின்தொடராது) தானாகவே 0.7 மி.மீ. என்று இருக்கும். 1 செ.மீ. ஆழப் பெட்டிகளுக்கு அது போதும்.

உங்கள் நூற்றைம்பது வரியின் கோட்டையும் இதன் கோட்டையும் ஒரே தாளில் போடுங்கள். நடு ஆழங்களில் இரண்டும் ஒட்டிப் போக வேண்டும். வேறுபாடு தெரிய வேண்டிய இடம் மேற்பரப்பை ஒட்டிய முதல் சில மில்லிமீட்டர்கள். அங்கே அவர்கள் எலக்ட்ரானைப் பின்தொடர்கிறார்கள், நாம் பின்தொடரவில்லை. ஆழப் பெட்டியை 1 மி.மீ. ஆக்கினால்தான் அது கண்ணுக்குத் தெரியும். வேறு எங்காவது விலகினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நம் நிரலை, அடுத்தது தண்ணீர்ப் பெட்டியின் அளவை.

போன வருஷம் கோத்தகிரியிலிருந்து வரும் ஒரு மாணவர் ஜியான்ட்4ஐ இரண்டு தடவை ஓடவிட்டு, இரண்டு விடைகளையும் கூட்டி, "சார், இப்ப ரெண்டு மடங்கு ஃபோட்டான், பிழை குறைஞ்சிடுச்சு" என்றார். இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கடைசி இலக்கம் வரை ஒரே எண்கள். சமவாய்ப்பு எண்களுக்கான விதையை (எண் வரிசை எங்கே தொடங்கும் என்று தீர்மானிக்கும் எண்) நாமாக மாற்றாவிட்டால், அது ஒவ்வொரு முறையும் ஒரே விதையில்தான் தொடங்கும். அதே ஃபோட்டான்கள், அதே பாதைகளில், இன்னொரு முறை. "அப்ப நேத்து ராத்திரி பூரா லேப்டாப் ஓடுனது?" என்று கேட்டார். விதையை மாற்றும் கட்டளையை அவருடைய நோட்டில் எழுதிக் கொடுத்தேன்.